மாமியாரும் மருமகனும் ஒரு வெள்ளிப் போர்வையும்

என் மாமியார் என்னோடு நேரடியாகப் பேசமாட்டார். எங்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது. அவர் பிறந்து வளர்ந்த மலேசிய ரப்பர் தோட்டத்துக் குடும்பத்தில் மருமகனுக்குக் கொடுக்கிற மரியாதை அது. மருமகன் உட்கார்ந்திருக்கும் இடத்தில் மாமியார் உட்காரக்கூடாது, முகம் பார்த்துப் பேசக்கூடாது. எதையாவது சொல்ல வேண்டுமென்றால் என் மனைவியிடம் சொல்வார். அவள் அதைத் திருப்பி என்னிடம் சொல்வாள். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பேன். மனைவி பக்கத்தில் இல்லாவிட்டால் சுவரிடம் சொல்வார், அல்லது பிரிட்ஜிடம். ஒருமுறை மின்விசிறியை அண்ணாந்து பார்த்து, "காப்பி ஆறுது" என்றார்.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருடங்களில் நான் இதற்குப் பழகிவிட்டதாக எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் மாமியார் வீட்டில் எனக்கு மூச்சு முட்டும். கிள்ளானில் ஆற்றுக்குப் பக்கத்தில் தாழ்வான பகுதியில் இருந்த ஒற்றை மாடி வரிசை வீடு. மாமனார் போன பிறகு அவர் மட்டும் தனியாக இருந்தார். அங்கே போனால் பத்து நிமிடத்தில் ஏதாவது சாக்குச் சொல்லிக் கிளம்பிவிடுவேன். வேலை இருக்கிறது, ஜாம் ஆகிவிடும், டயருக்குக் காற்று அடிக்க வேண்டும். டயர் பாவம், எத்தனையோ முறை என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

இனி போர்வை. ஷா ஆலமில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் நாலைந்து பேருக்குத் திடீரென்று கேம்பிங் பித்துப் பிடித்தது. நானும் சேர்ந்துகொண்டேன். மலையில் குளிரும் என்று யாரோ சொன்னதால் கைப்பேசியிலேயே தேடி, ஐந்து வெள்ளிப் போர்வைகள் கொண்ட ஒரு செட்டை வாங்கினேன். கைக்குட்டை அளவுக்கு மடிந்து வரும், பிரித்தால் கட்டில் அளவுக்கு விரியும் மெல்லிய தாள். தொட்டாலே முறுக்குப் பொட்டலம் மாதிரி சத்தம் போடும்.

"பிரிக்பீல்ட்ஸ்ல எங்கங்க பனி பெய்யுது?" என்று என் மனைவி கேட்டாள். கோலாலம்பூரில் நாங்கள் குடியிருக்கும் பேட்டை அது. அவள் மருத்துவமனையில் தாதி. உயிர் காக்கும் பொருள்கள் விஷயத்தில் என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கமாட்டாள்.

கேம்பிங் போனபோது அதைத் தலையிலிருந்து கால்வரை இறுகச் சுற்றிக்கொண்டு தூங்கினேன். விடியும்போது தெப்பலாக நனைந்திருந்தேன். கூடாரம் ஒழுகுகிறது என்று கத்தினேன். என்னோடு வந்த நண்பர் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பாஸ், அது உங்க வேர்வை லா. அந்தத் தாளுக்குன்னு சொந்தமா சூடு கெடையாது. உங்க ஒடம்பு குடுக்கறதத்தான் திருப்பிக் குடுக்கும். ஒண்ணையும் வெளிய விடாது." எனக்குக் கடுப்பு. இத்தனை சாதாரண விஷயத்தைப் பொட்டலத்தின் மேல் பெரிதாகப் போட்டிருக்கக்கூடாதா?

வீட்டுக்கு வந்ததும் இரண்டைப் படுக்கையறையின் மேற்குப் பார்த்த ஜன்னலில் ஒட்டினேன். பிற்பகல் வெயில் உள்ளே வராமல் போனது. ஒன்று காரின் முன்கண்ணாடிக்குத் திரையானது. இன்னொன்றைத் தொழிற்சாலைப் பொங்கல் விழாவில் பானைக்குப் பின்னால் தொங்கவிட்டேன், எல்லோரும் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மிச்சமிருந்த ஒன்று, விசிலோடும் சின்ன டார்ச் விளக்கோடும், நான் தோளில் மாட்டும் பைக்குள் கிடந்தது. அந்தப் பைக்கு என் மனைவி வைத்த பெயர் மந்திரிச்ச பை.

அன்று சனிக்கிழமை. முந்தின நாளிலிருந்தே மழை விடவில்லை. காலை வேலைக்குப் போயிருந்த மனைவி அங்கிருந்து கூப்பிட்டாள். "ஆத்துத் தண்ணி ஏறுதாம். நீங்க ஒடனே கிள்ளானுக்குப் போயி அம்மாவ ஏத்திக்கிட்டு வந்துடுங்க. நான் டூட்டில இருக்கேன், திரும்பக் கூப்பிட முடியாது."

பத்தரை மணிக்கு அந்த வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். 'வந்துட்டேன்' என்று மனைவிக்கு மெசேஜும் போட்டேன். வாசல் கால்வாய் விளிம்புவரை நிறைந்து, நுரையோடு ஓடிக்கொண்டிருந்தது. கைலியும் டீசட்டையுமாகக் கதவைத் திறந்த மாமியார் என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடினார். திரும்பி வந்தபோது மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட நூல் புடவை கட்டியிருந்தார். மருமகன் வந்தால் புடவைதான். வீடு முழுக்கக் கோழிக் குழம்பு வாசனை. அவர் பிரிட்ஜைப் பார்த்துச் சொன்னார்: "கொழம்பு எறக்கற நேரந்தான். சோறு வடிச்சிட்டா சாப்பிட்டுக் கிளம்பிடலாம்."

வேண்டாம் அத்தை, இப்போதே கிளம்பணும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஆனால் பத்தொன்பது வருடங்களாக அவருக்கு மறுமொழி சொல்வது என் மனைவி வழியாகத்தான். அவளை அழைத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. பிரிட்ஜிடம் நானும் பேசலாமா என்று ஒரு கணம் யோசித்தேன், வெட்கமாக இருந்தது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பசியும் இருந்தது.

குழம்பு பிரமாதம். மாமியார் அடுப்படித் திரைக்குப் பின்னால் நின்று தட்டைக் கவனித்துக்கொண்டிருந்தார். முதல் தடவை போட்டதைச் சாப்பிட்டு முடித்ததும், சத்தமில்லாமல் வந்து இன்னொரு கரண்டி சோறும் இரண்டு துண்டுக் கோழியும் வைத்தார். அப்போதுதான் என் பாதம் சில்லென்றது. குனிந்து பார்த்தேன். மேசைக்கு அடியில் பழுப்புத் தண்ணீர். என் செருப்பில் ஒன்று கூடத்தைக் கடந்து அடுப்படிப் பக்கம் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகம். நான் முன்கதவைத் திறந்தபோது தெரு ஆறாகியிருந்தது. என் கார் தானாக ஹாரன் அடித்துக்கொண்டே பக்கத்து வீட்டு வேலியில் சாய்ந்தது. இழுப்பு பலமாக இருந்தது. மூட்டுவலிக்காரரான மாமியாரை அதில் இறக்கிக் கூட்டிப்போக முடியாது என்று எனக்கே தெரிந்தது. முழங்கால்வரை இருந்த தண்ணீர், நான் வீட்டுப் பத்திரங்களைத் தேடிப் பையில் போடுவதற்குள் இடுப்புக்கு வந்துவிட்டது. அந்த வீட்டில் ஏறி நிற்க மாடி கிடையாது. குளியலறைக் கூரையில் ஒரு சின்னச் சதுரக் கதவு உண்டு. அதைத் தள்ளினால் மேலே சிமெண்டுத் தளம், அதன்மேல் தண்ணீர்த் தொட்டி. தீபாவளி விளக்குக் கட்டும் ஏணியைக் கொண்டுவந்து சாத்தினேன்.

மாமியாரைத் தொடாமல் ஏற்றிவிட வேண்டும். ஏணியைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மூன்றாவது படியில் அவர் கால் ஈரப் புடவையில் சிக்கி, தலைகுப்புறத் தண்ணீரில் விழுந்தார். தூக்கிவிட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டு, "பரவாயில்ல" என்று ஏணியிடம் சொன்னார். பிறகு எப்படியோ ஏறிவிட்டார், நானும் ஏறினேன். என் காலுக்குக் கீழே ஏணி மிதந்து போய்விட்டது.

மேலே இருந்த இடத்தில் பாதியைத் தொட்டி அடைத்துக்கொண்டது. மீதியில் இரண்டு பேர் கூனிக்கொண்டு உட்காரலாம். நிமிர்ந்தால் ஓடு தலையில் இடிக்கும், காலை நீட்டினால் தொட்டி தடுக்கும். ஓட்டு இடுக்கில் மழை சொட்டியது. சதுரக் கதவு வழியாகக் கீழே பார்த்தால், குளியலறையின் விளக்குச் சுவிட்சை நோக்கித் தண்ணீர் ஏறுவது தெரிந்தது. மேலே ஓடு, கீழே வெள்ளம், எதிரே முகம் பார்க்காத மாமியார். இதைவிடக் குறுகலான இடத்தில் நான் வாழ்க்கையில் இருந்ததில்லை.

அவர் நடுங்கத் தொடங்கினார். சர்க்கரை நோய்க்காரர், அறுபத்தேழு வயது, உடம்பு முழுக்க நனைந்திருந்தது. ஆறு கஜம் நூல் புடவை எவ்வளவு தண்ணீரைப் பிடித்து வைக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. பையில் இருந்த வெள்ளிப் போர்வையைப் பிரித்து அவர் பக்கம் நீட்டினேன். அவர் வாங்கிப் புடவைக்கு மேலேயே சுற்றிக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. பிரிக்பீல்ட்ஸில் பனி பெய்யாதாமே!

பெருமை நிலைக்கவில்லை. போர்வைக்குள் நடுக்கம் கூடியதே தவிரக் குறையவில்லை, தாள் படபடவென்று சத்தம் போட்டது. நண்பர் சொன்னது நினைவுக்கு வந்தது. தாளுக்குச் சொந்தச் சூடு கிடையாது. உள்ளே இருப்பது குளிர்ந்த ஈரத் துணி என்றால் அதற்குள் குளிரைத்தான் பூட்டி வைத்திருக்கிறேன். புடவையை அவிழ்க்க வேண்டும். மாமியாரிடம் எந்த மருமகன் அதைச் சொல்வான்?

கைப்பேசியில் உயிர் கொஞ்சந்தான் மிச்சம் இருந்தது. இந்த முறை மனைவி எடுத்தாள். ஒலிபெருக்கியில் போட்டேன். "எங்க இருக்கீங்க? கார்லயா?" என்றாள்.

"தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல. உங்கம்மா நடுங்கறாங்க. ஈரப் பொடவைய மாத்தணும்னு நீயே சொல்லு."

உடனே தாதியின் குரல் வந்தது. "மா, பொடவைய அவுத்துப் போட்டுட்டு அந்தப் போர்வையச் சுத்திக்கோங்க. வெக்கப்பட்டுக்கிட்டு இருக்காதீங்கம்மா, உயிர் போயிடும். அவரு அந்தப் பக்கம் திரும்பிக்குவாரு."

"அவரத் திரும்பச் சொல்லு," என்றார் மாமியார்.

"ஏங்க, திரும்பிக்கோங்க," என்றாள் மனைவி. ஒரு கை நீளத்தில் இருந்த எனக்கு அந்தச் செய்தி கோலாலம்பூர் போய் வந்து சேர்ந்தது. படகு அனுப்பச் சொல்லி எல்லா இடத்துக்கும் கூப்பிடுகிறேன் என்று அவள் சொல்லும்போதே கைப்பேசி அணைந்துவிட்டது.

நான் ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஈரத் துணி பிரியும் சத்தம், பிழியும் சத்தம், பிறகு தாளின் சலசலப்பு. "ஆச்சு," என்றார் தொட்டியிடம். அவ்வளவுதான், எங்களுக்கு நடுவில் தூது போக இனி யாரும் இல்லை. தொட்டிதான்.

எனக்கு அடக்க முடியாத கோபம் வந்தது. தொட்டியைப் பார்த்தே கத்தினேன். "அந்தச் சோத்துக்கு உக்காராம இருந்திருந்தா இந்நேரம் வீட்டுக்குப் போயிருக்கலாம்! இப்ப ரெண்டு பேரும் இங்கயே கெடந்து சாகணும்!"

அவர் தாளை இன்னும் இறுக்கி இழுத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. கீழே சுவிட்ச் முங்கிவிட்டது.

நேரம் போகப் போகத் தாளின் சலசலப்பும் குறைந்தது, எனக்குப் பயம் வந்தது. தூங்க விடக்கூடாது என்று எங்கோ கேட்டிருக்கிறேன். என்ன பேசுவது? "கோழிக் கொழம்பு எப்படி வைக்கறது?" என்று தொட்டியிடம் கேட்டேன்.

தாளுக்குள்ளிருந்து குரல் வந்தது. "வெங்காயம் நல்லா வதங்கணும். அவசரப்படக்கூடாது. அப்பறம் இஞ்சி பூண்டு. மல்லித்தூள் ரெண்டு கரண்டி, மொளகாத்தூள் ஒண்ணு. எண்ண பிரிஞ்சாதான் கோழியப் போடணும்." தோட்டத்தில் விறகடுப்பில் வைத்த குழம்பு, கல்யாண வீட்டுக் குழம்பு என்று தொடர்ந்தார். நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன். பிறகு வார்த்தைகள் குழறத் தொடங்கின. உப்பை இரண்டு முறை போட்டார். கோழியைப் போட்ட பிறகு வெங்காயத்தை நறுக்கினார். திடீரென்று, "மாப்ள இன்னிக்கி வருவாரா?" என்று கேட்டார்.

"அத்தை?"

"வந்தாலும் உக்காரமாட்டாரு. கார் சாவியக் கையிலயே வச்சுக்கிட்டு நிப்பாரு. நானும் ஒவ்வொரு தடவையும் ஆக்கித்தான் வைக்கறேன். வயிறாரச் சாப்பிட்டு நான் பாத்ததே இல்ல."

நான் கிளம்பிப் போன பிறகு அந்தச் சோற்றை அவர் தனியாக உட்கார்ந்து என்ன செய்திருப்பார் என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை. தாள் திருப்பிக் கொடுக்க அவர் உடம்பில் சூடே மிச்சமில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. சூடு வேறொருவரிடமிருந்து வர வேண்டும். அங்கே இருந்த வேறொருவர் நான் மட்டுந்தான்.

ஈரச் சட்டையைக் கழற்றினேன். "அத்தை, ஒங்க முதுகோட முதுக ஒட்டி உக்காரப் போறேன். திரும்பிப் பாக்கமாட்டேன்." இதைத் தொட்டியிடம் சொல்லவில்லை, அவரிடமே சொன்னேன். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. போர்வையை அவர் தோள்களிலிருந்து என் பக்கமும் இழுத்து, இருவரையும் சேர்த்து முன்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் முதுகு பாசார் மீன்கடையில் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீன் போல இருந்தது. சாமி, சாமி என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டேன். என் தொப்பையைப் பற்றி வீட்டில் கேலி செய்யாதவர்கள் இல்லை. அது சேர்த்து வைத்திருந்த சூடு முழுவதும் போகட்டும் என்று நினைத்தேன்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. முதலில் அவர் நடுக்கம் என்னையும் சேர்த்து ஆட்டியது. பிறகு விட்டுவிட்டு வந்தது. தாளின் உள்பக்கம் வியர்க்கத் தொடங்கியது. கேம்பிங்கில் என்னை எரிச்சலூட்டிய அதே வியர்வையை இப்போது விரலால் தொட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். "மல்லி ரெண்டு கரண்டி," என்று அவர் தெளிவாகச் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

தூரத்தில் படகின் மோட்டார் சத்தம் கேட்டது. நான் விசிலை எடுத்து ஊதினேன். மழையிலும் மோட்டார் இரைச்சலிலும் அது யாருக்குக் கேட்கும்? தலைக்கு மேலே இரண்டு ஓடுகளைக் கையால் தள்ளிப் பெயர்த்தேன். சத்தம் எங்கள் வரிசையைத் தாண்டிப் போவது தெரிந்தது. பொட்டலத்தின் மேல் போட்டிருந்தது நினைவுக்கு வந்தது: இந்தத் தாள் தூரத்திலிருந்தும் பளபளவென்று தெரியும், உதவி கேட்க ஆட்டலாம். ஆட்டலாம்தான். ஆட்டினால் அவர் மேல் என்ன இருக்கும்? ஒரு மூலையை மட்டும் கிழித்துக்கொள்ளலாமா? ஓர் இடத்தில் கீறினால் முழுக்கக் கிழிந்துவிடும் தாள் அது. மற்ற நான்கில் ஒன்றாவது இங்கே இருந்திருந்தால்! இரண்டு ஜன்னலில் ஒட்டியிருந்தன, ஒன்று வெள்ளத்தில் காரோடு கிடந்தது, ஒன்று பொங்கல் பானைக்கு அழகு சேர்த்துவிட்டுக் குப்பைக்குப் போயிருந்தது. என்னை நானே அறைந்துகொள்ளலாம் என்றாலும் கையை நீட்ட இடமில்லை.

மோட்டார் சத்தம் மறுபடி நெருங்கியது. நான் போர்வையின் விளிம்பைப் பிடித்தபடி முடிவெடுக்க முடியாமல் இருந்தேன்.

"பொடவைய எடுத்து ஆட்டச் சொல்லு," என்றார் மாமியார் தொட்டியிடம்.

பிழிந்து மடித்து வைத்திருந்தார். அந்த நிலையிலும் மடித்து! ஒரு நுனியை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு மீதியை ஓட்டை வழியாக வெளியே தள்ளி, கை கடுக்கும்வரை ஆட்டினேன். எனக்காகக் கட்டிய மாம்பழ மஞ்சள் புடவை ஓட்டின் மேல் விரிந்து கிடந்தது. மோட்டார் நின்றது. எத்தனை பேர் என்று ஒரு மலாய்க் குரல் கேட்டது. இரண்டு பேர் என்று நானும் மலாயில் கத்தினேன்: "டுவா! டுவா!" கம்பம் என்று நாங்கள் சொல்லும் பக்கத்து மலாய்க் கிராமத்து மீனவர்கள், அண்ணனும் தம்பியும். ஓடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வழி செய்தார்கள். மாமியார் கழுத்திலிருந்து கணுக்கால்வரை வெள்ளியாக வெளியே வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

படகு எங்களை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இறக்கியது. அங்கே யாரோ ஒரு ஆன்டி கொடுத்த கவுனை மாமியார் போட்டுக்கொண்டார், போர்வையை மட்டும் அதன்மேல் போர்த்தியபடியே மெத்தையில் உட்கார்ந்திருந்தார். சூடான மைலோ குடித்தார். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துவிட்டு, பயமில்லை என்றார்கள். நான் வழக்கம்போல் தள்ளி, தூண் ஓரமாக நின்றேன். அவரும் வழக்கம்போல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்தேன். மனசு கொஞ்சம் வலித்தது.

இன்னொருவர் கைப்பேசியிலிருந்து நான் போட்ட மெசேஜைப் பார்த்து, பொழுது சாயும்போது மனைவி சீருடையோடு ஓடிவந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், நாடி பார்த்தாள், மறுபடி அழுதாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "பத்தரைக்கே வந்துட்டேன்னு மெசேஜ் போட்டீங்கல்ல? அப்ப தெருவுல தண்ணியே இல்லியாமே. அவ்ளோ நேரம் என்னதான் பண்ணிக்கிட்டு இருந்தீங்க? எங்கம்மா செத்திருப்பாங்க!"

சாப்பிட்டேன் என்று எப்படிச் சொல்வது? அவர் சாப்பிடச் சொன்னார் என்று சொன்னால் பழி அவர் மேல் போகும்.

தாள் சலசலத்தது. மாமியார் தலையை நிமிர்த்தினார். சுவரையோ தூணையோ மகளையோ பார்க்கவில்லை. பத்தொன்பது வருடங்களில் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"மாப்ள, ரெண்டாவது தடவ போட்டத நீங்க சாப்பிடவே இல்லியே," என்றார்.

மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். மண்டபத்தில் சோற்றுப் பொட்டலம் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். நான் ஒன்றை வாங்கிக்கொண்டு, அவர் மெத்தைக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கையில் கார் சாவி இல்லை. சோறு ஆறிப்போயிருந்தது, குழம்பில் உப்பும் கம்மி. அவர் பார்த்துக்கொண்டிருக்க, கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டேன்.